என் வருஷத்துக்கு 18 நாள்தான்

இந்தப் பக்கம் வந்து நாலு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கைச் சொல்லலாம். ஆனா உண்மை அதில்லை. கிடைச்ச ராத்திரியெல்லாம் ஒரு பழைய லேப்டாப்பை வீட்டு சர்வரா மாத்துறதுலேயே போயிடுச்சு. நம்ம பொட்டி தட்டுற கூட்டத்துல முக்கால்வாசிப் பேருக்கு இருபத்தஞ்சு வயசைத் தாண்டினதும் இந்த வியாதி வரும். சிலருக்கு புல்லட், சிலருக்கு கேமரா, சிலருக்கு மாரத்தான். எனக்கு ஹார்ட் டிஸ்க்.

விஷயம் தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. வீட்ல இருக்கிற படம், பாட்டு, போட்டோ, சீரியல் எல்லாத்தையும் ஒரு பொட்டியில் போட்டு வச்சு, ஹால் டிவி, போன், லேப்டாப்னு எதுல இருந்து கேட்டாலும் அனுப்பி வைக்கிற மாதிரி செஞ்சுக்கிறதுதான் வீட்டு மீடியா சர்வர். நான் போட்டிருக்கிறது ஜெல்லிஃபின். காசு கிடையாது. எம்பின்னு ஒரு மென்பொருள் (டெல்லிக்குப் போற எம்.பி. இல்லை) தன்னோட மூலநிரலை 2018 கடைசியில் மூடிக்கிச்சு. கோபப்பட்ட கொஞ்சம் பேர் அதுவரைக்கும் திறந்திருந்ததை எடுத்துக்கிட்டு தனிக்குடித்தனம் போனாங்க. அந்தத் தனிக்குடித்தனம்தான் ஜெல்லிஃபின். ப்ளெக்ஸ் இன்னும் பளபளன்னு இருக்கும். ஆனா 2025 ஏப்ரல் 29ல இருந்து, நம்ம வீட்டுப் பொட்டியில இருக்கிற நம்ம படத்தை வெளியூர்ல இருந்து நாமளே பார்க்கவும் சந்தா கட்டணும்னு சொல்லிட்டாங்க. அதனால நான் அந்தப் பக்கம் போகலை.

லேப்டாப் காலேஜ்ல வாங்கினது. கீபோர்டுல நாலு கட்டை வேலை செய்யாது, திரையில ஒரு கோடு. சர்வருக்கு ரெண்டுமே தேவையில்லை. பேட்டரி இன்னும் ஒரு மணி நேரம் தாங்குது, அதனால கரண்ட் போனாலும் கவலையில்லை (பேட்டரி உப்ப ஆரம்பிச்சா உடனே கழட்டிடுங்க, விளையாட்டு வேண்டாம்). டிவியால அப்படியே படிக்க முடியற எச்.264 ஃபைலா இருந்தா சர்வருக்கு வேலையே இல்லை, எடுத்து நீட்டிட்டு சும்மா இருக்கும். டிவிக்குப் புரியாத வடிவமா இருந்தா ஓட ஓட மாத்திக் கொடுக்கணும். அப்போ ஃபேன் சத்தம் கிரைண்டர் மாதிரி வரும். புளூரே படத்துல படமாவே வர்ற சப்டைட்டிலைப் போட்டாலும் பாதி நேரம் அதே கதிதான். இன்னொண்ணு, சர்வரை வைஃபையில விடாதீங்க. ஒரு கேபிளை இழுத்து ரூட்டர்ல சொருகுங்க. நான் மூணு வாரம் மென்பொருளைத் திட்டினேன். குற்றவாளி நடுவுல இருந்த சுவர்.

ஃபோல்டருக்குப் பேர் வைக்கிறப்போ வருஷம் போடுறது நம்ம ஊர்க்காரனுக்கு ரொம்ப முக்கியம். பில்லான்னா 1980ஆ 2007ஆ? பொல்லாதவனும் அதே 1980, அதே 2007. மாப்பிள்ளைன்னா 1989ஆ 2011ஆ? வருஷம் போடலைன்னா ரஜினி படத்துக்கு தனுஷ் போஸ்டர் வந்து உட்கார்ந்துக்கும். வருஷம் சரியா இருந்தா போஸ்டர், நடிகர், இயக்குநர், கதைச்சுருக்கம் எல்லாத்தையும் சர்வரே வலையில இருந்து எடுத்து அடுக்கிடும். இந்தத் தகவலுக்கு மெட்டாடேட்டான்னு பேர். இந்த வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க, பதிவே இதைப் பத்தினதுதான்.

எல்லாம் ஏத்தி முடிச்ச அன்னிக்கு ராத்திரி, மொத்தம் எவ்வளவு நேரம் ஓடும்னு பார்க்க ஆசை வந்தது. ஒவ்வொரு ஃபைலோட நீளத்தையும் எஃப்எஃப்ப்ரோப் வச்சு எடுத்துக் கூட்டுற மாதிரி பத்து வரியில ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். விடை வந்தது: 155 நாள் 5 மணி நேரம். எழுநூறு படம், ஒன்பதாயிரம் பாட்டு, சீரியல், இன்னைக்கு வரைக்கும் திறக்காத ஆன்லைன் பாடங்கள். அப்பா ஒரு காலத்துல மோசர் பேர் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் போட்டப்போ வாங்கிக் குவிச்சதும் இதுல சேர்த்தி. திரையைப் படம் எடுத்து ரூம்மேட்டுக்கு அனுப்பினேன். பக்கத்து ரூம்ல இருந்து ஒரே வரியில பதில்: "எப்படா பார்ப்ப?"

சரி, கணக்குப் போடுவோம்னு உட்கார்ந்தேன். 155 நாள்ங்கிறது தூங்காம, குளிக்காம, ஆபீஸ் போகாம பார்த்தா. நான் சராசரியா ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் பார்த்தாலே பெரிசு. அப்போ 3,725 மணி நேரம்னா 3,725 நாள். இதை வருஷமாக்கணும்.

இங்க ஒரு சின்ன கிளைக்கதை. நாளை வருஷமாக்குறது ரொம்ப சுலபம்னு நினைக்கிறவங்க புரோகிராம் எழுதாதவங்க. 365ஆல வகுத்தா தப்பு. 28 வயசு முடியறவனுக்கு நடுவுல 7 லீப் நாள் வந்திருக்கும். அவன் வயசை அப்படிக் கணக்குப் போட்டா ஒரு வாரம் முன்னாடியே கேக் வெட்டிடும். 365.25ன்னு போட்டா அது ஜூலியஸ் சீசர் கணக்கு. நாம இப்ப வச்சிருக்கிற கிரிகோரியன் கணக்குல 400 வருஷத்துக்கு 97 லீப் நாள், அதனால சராசரி 365.2425. 2000 லீப் வருஷம், 1900 இல்லை. ஆனா எக்செல் இன்னைக்கும் 1900ஐ லீப் வருஷம்னுதான் நம்பிட்டிருக்கு. லோட்டஸ் 1-2-3ல இருந்த தப்பை ஒத்துப்போகணும்னு தெரிஞ்சே எடுத்துக்கிட்டாங்க. 2024 பிப்ரவரி 29 அன்னிக்கு நியூசிலாந்துல ஆளில்லாத பெட்ரோல் பங்குகள்ல கார்டு எந்திரம் படுத்துடுச்சு, காரணம் இதே லீப் நாள்தான். நம்ம பஞ்சாங்க வருஷம் இன்னொரு தினுசு, சுமார் 365.2587 நாள். கிரிகோரியனை விட ஒரு துளி அதிகம். அந்தத் துளி சேர்ந்து அறுபது வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலான காலத்துல ஒரு நாளாயிடும். அதனாலதான் சித்திரை ஒண்ணு ஆங்கிலத் தேதியில் நூற்றாண்டு நூற்றாண்டா மெல்ல மெல்ல முன்னால நகருது.

கிளைக்கதை போதும். எந்த எண்ணால வகுத்தாலும் 3,725 நாள்ங்கிறது 10.2 வருஷம். புதுசா ஒரு படம்கூட ஏத்தாம, தினமும் தவறாம ஒரு மணி நேரம் உட்கார்ந்தா எனக்கு முப்பத்தெட்டு வயசு தாண்டுறப்போ முடியும். 155ன்னு பார்த்தப்போ வந்த பெருமை 10.2ன்னு பார்த்தப்போ பாதியா இறங்கிடுச்சு. சேர்த்து வைக்கிறதுக்கும் பார்க்கிறதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு அப்பத்தான் உறைச்சது.

அந்த வாரம் வழக்கம்போல ஊருக்குப் போன் பண்ணினேன். அம்மா, தெருவுல ஒரு தாத்தாவுக்குச் சதாபிஷேகம், சாப்பாடு பிரமாதம், பாயசம்தான் கொஞ்சம் நீர்த்துப்போச்சுன்னு கதை சொல்லிட்டிருந்தாங்க. ஆயிரம் பிறை கண்டவர்ங்கிற பேச்சு வந்தது. கணக்குப் பைத்தியம் இன்னும் தெளியாத நேரம். ஒரு பௌர்ணமியில இருந்து அடுத்த பௌர்ணமிக்கு சராசரி 29.53 நாள். ஆயிரம் பிறைக்கு 29,530 நாள். வருஷமாக்கினா 80 வருஷம் 10 மாசம். அப்பாவுக்கு இப்ப 67. ஆயிரம் பிறைக்கு இன்னும் 13 வருஷம் 10 மாசம் இருக்கு. பரவாயில்லை, நிறைய இருக்கேன்னு தோணுச்சு. பதினாலு வருஷம்னா ராமரே காட்டுக்குப் போய்ட்டு திரும்பி வந்துடுவார்.

அப்போதான் அப்பா போனை வாங்கி, எப்பவும் போல சுருக்கமா கேட்டார்: "ஏன்டா, அந்தப் பொட்டியில கேசட்டை ஏத்தலாம்னியே, என்னாச்சு?"

இங்க கொஞ்சம் பின்னாடி போகணும்.

எங்க ஊர் கோவில்பட்டி. அப்பாவோட அண்ணன், எங்க பெரியப்பா, 1986ல சவூதிக்கு, தம்மாமுக்கு வேலைக்குப் போனவர். அப்போ ஐஎஸ்டி பேசணும்னா நிமிஷத்துக்கு ஒரு சொத்து. கடிதம் போட்டா நாலு வரிதான் போடத் தோணும். அதனால வளைகுடா போன பலபேர் மாதிரி அவரும் கேசட்ல பேசி அனுப்புவார். ஊருக்கு வர்ற யார்கிட்டயாவது கொடுத்து விடுவார். ஏ பக்கம் அவர் பேச்சு. வீட்ல எல்லாரும் டேப் ரெக்கார்டரைச் சுத்தி உட்கார்ந்து கேட்டுட்டு, பி பக்கத்துல பதில் பேசி, திரும்பப் போறவங்ககிட்ட கொடுத்து அனுப்புவாங்க. இப்படிப் போனதும் வந்ததுமா பத்து வருஷம். 1996ல அவர் மொத்தமா ஊர் திரும்பினப்போ எல்லா கேசட்டும் அவரோட திரும்பி வந்துடுச்சு.

அதுக்கப்புறம் வீட்டைப் பிரிச்சதுல அண்ணன் தம்பிக்குள்ள பேச்சு நின்னு போச்சு. எந்த வீட்ல இல்லை சொல்லுங்க. அரை அடி சுவர் விவகாரம். 2021ல பெரியப்பா போய்ச் சேர்ந்தார். அப்பா கொள்ளி வைக்கிற இடத்துல நின்னார், ஆனா பேசாமயே போயிட்டாங்க ரெண்டு பேரும். அடுத்த வருஷம் பெரியம்மா ஒரு அட்டைப் பெட்டியைக் கொடுத்து விட்டாங்க. மேல கடலைமிட்டாய் கம்பெனி பேர் போட்டிருந்தது, உள்ள 31 கேசட், 4 விஎச்எஸ். அப்பா அதைத் திறக்காம பரண்ல வச்சுட்டார். அந்தத் தீபாவளிக்கு ஒரு தடவை என்கிட்ட, "இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்த முடியுமா?"ன்னு கேட்டார். "ஏத்தலாம்ப்பா, அப்புறம் பாத்துக்கலாம்"னேன்.

அந்த அப்புறம் மூணு வருஷம் ஓடிடுச்சு. அந்த மூணு வருஷத்துல நான் எழுநூறு படத்துக்கு போஸ்டர் சரிபார்த்திருக்கேன்.

பங்குனித் திருவிழாவுக்கு ஊருக்குப் போனப்போ வெட்கப்பட்டுக்கிட்டு பெட்டியை இறக்கினேன். லேபிள்ல ஒண்ணும் இல்லை. சிலதுல சினிமாப் பாட்டு கம்பெனி லேபிள் அப்படியே இருக்கு, மேல பேசிப் பதிஞ்சிருக்காங்க. முதல் கேசட்டைப் போட்டேன். ஏ பக்கம் பெரியப்பா. வெயில், மெஸ் சாப்பாடு, அனுப்பின பணம் யார் யாருக்கு எவ்வளவுன்னு பட்டியல், தம்பிக்கு ஒரு வாட்ச் வாங்கி வச்சிருக்கிற சேதி. பி பக்கம் திருப்பினா ஒரு பொம்பளைக் குரல், சத்தமா, ஏதோ கிணத்துக்குள்ள இருக்கிறவர்கிட்ட பேசுற மாதிரி. பின்னாடி ஒரு குழந்தை அழுகை, யாரோ கோழியை விரட்டுற சத்தம், கொஞ்ச நேரத்துல ஒரு சங்கு.

எனக்கு ஒண்ணும் புரியலை. "யாருப்பா இது?"

அப்பா உடனே பதில் சொல்லலை. டேப்பை நிறுத்தச் சொன்னார். அப்புறம், "ஏ... இது ஆச்சில்லா"ன்னார்.

எனக்கு ரெண்டு வயசு இருக்கும்போது, 1999ல ஆச்சி போயிட்டாங்க. அவங்க குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. தெரியாம இருக்கேன்ங்கிறதே தெரியாது. "அழுறது உங்க அக்கா. ஒரு வயசு இருக்கும், அப்போ 93. கோழியை விரட்டுறது பக்கத்து வீட்டு அத்தை. அந்தச் சங்கு மில் சங்கு, மத்தியானம் ஷிப்டு மாறுற நேரம். அப்போ நான் வேலைக்குப் போயிருப்பேன், அதான் என் குரல் இல்லை." அஞ்சு நிமிஷத்துல ஆள், ஆண்டு, இடம், நேரம் எல்லாம் வந்து விழுந்தது.

நான் சொல்ல வந்தது இதுதான். பில்லாவுக்கு மெட்டாடேட்டா உலகம் பூரா இருக்கு. என் பொட்டி எரிஞ்சு போனாலும் பில்லா எங்கேயும் போயிடாது. அந்த கேசட்டுக்கு மெட்டாடேட்டா எங்க அப்பா ஒருத்தர்தான். எந்த சர்வரும் வலையில தேடி அதை எடுத்துட்டு வர முடியாது. ஒரு விஷயம் ஒரே ஒரு இடத்துல இருந்தா அதுக்கு நகல் எடுத்து வைங்கன்னு ஆபீஸ்ல வாய் கிழியப் பேசுறோம். வீட்ல அந்த ஒரே இடத்துக்கு 67 வயசு, சர்க்கரை வேற இருக்கு.

அதனால என் கட்சி இது. வீட்டு சர்வர் போடுறவங்க முக்கால்வாசிப் பேர் (முதல் குற்றவாளி நான்) தப்பான முனையில இருந்து ஆரம்பிக்கிறோம். எங்க வேணும்னாலும் கிடைக்கிறதை முதல்ல ஏத்துறோம், எங்கேயுமே கிடைக்காததை "அப்புறம்" பட்டியல்ல போடுறோம். அந்த வரிசையைத் திருப்பிப் போடணும்.

இல்லை, மெதுவா ஏத்திக்கலாம், பதினாலு வருஷம் இருக்கேன்னு சொல்றவங்களுக்குத்தான் அடுத்த கணக்கு. கேசட்டுல 22 அறுபது நிமிஷம், 9 தொண்ணூறு நிமிஷம். மொத்தம் 35.5 மணி நேரம். விஎச்எஸ் நாலும் மூணு மணி நேரம், அது 12. ஆக 47.5 மணி நேரம். 155 நாள் சேர்த்து வச்சிருக்கிற எனக்கு இது வெறும் 2 நாள். ஆனா இந்த ரெண்டு நாளை வேகமா ஓட்ட முடியாது. ஒரு மணி நேர கேசட்டைப் பதிய ஒரு மணி நேரம் ஆகும். அப்பா பக்கத்துல உட்கார்ந்து யார் யார்னு சொல்லணும்னா ஒரு சாயங்காலத்துக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல அவரால முடியாது. மனசாலயும் முடியாது. அப்போ 24 சாயங்காலம்.

நான் சென்னையில இருக்கேன். பொங்கல், பங்குனி, தீபாவளி, நடுவுல ரெண்டு மூணு சனி ஞாயிறு, ஏதாவது கல்யாணம். போன வருஷ டிக்கெட்டெல்லாம் எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஊர்ல நான் இருந்தது 18 நாள். பஞ்சாங்கத்துக்கு 365.2587, போப்பாண்டவருக்கு 365.2425. அப்பா விஷயத்துல என் வருஷத்துக்கு 18 நாள்தான்.

அந்த வருஷத்தால வகுத்தா 24 சாயங்காலம்ங்கிறது ஒரு வருஷம் நாலு மாசம், அதுவும் வேற ஒரு வேலையும் பார்க்காம இருந்தா. அதே கணக்குல ஆயிரம் பிறை வரைக்கும் இருக்கிற 13 வருஷம் 10 மாசத்தைத் திருப்பிப் போட்டா சுமார் 250 நாள். எட்டு மாசம். ராமர் வனவாசம்னு ஜோக்கடிச்சேனே, அது எட்டு மாசம். அதுவும் அவர் ஆயிரம் பிறை பார்க்கணும், காது நல்லா கேட்கணும், ஞாபகம் இருக்கணும். நாளை வருஷமா மாத்தினா மனசுக்கு நிம்மதியா இருக்கும். வருஷத்தை நாளா மாத்திப் பாருங்க, வேலை நடக்கும்.

செய்யலாம்னு தோணுறவங்களுக்கு நான் அடிபட்டுக் கத்துக்கிட்டதைச் சொல்றேன். பழைய டூ-இன்-ஒன் பரண்ல இருந்தா பெல்ட் உருகிப் போயிருக்கும், முதல்ல அதை மாத்துங்க. கேசட்டைப் போட்ட உடனே பிளே அமுக்காதீங்க. இருபது வருஷம் சுத்தாம இருந்த டேப் ஒட்டிக்கிட்டிருக்கும். ஆறு பட்டை பென்சிலை விட்டு மெதுவா கையால சுத்தி, அப்புறம் ஒரு தடவை முழுசா முன்னாலயும் பின்னாலயும் ஓட்டிட்டு ஆரம்பிங்க. வெள்ளையா பூஞ்சை தெரிஞ்சா அந்த கேசட்டைத் தனியா வைங்க, இல்லைன்னா ஹெட்ல ஒட்டி அடுத்ததுக்கும் பரவும். சத்தம் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்தா, ஹெட் பக்கத்துல ஒரு குட்டி ஸ்குரூ இருக்கும். அதை நூலளவு திருப்பினா திடீர்னு குரல் தெளியும். பெரியப்பா இருமுறது வரைக்கும் கேட்டது. லேப்டாப் மைக் ஓட்டையில சொருகாதீங்க, லைன்-இன் இருக்கிற சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒண்ணு வாங்கிக்கோங்க. ஆடாசிட்டியில பதிஞ்சு ஃபிளாக்கா சேமிங்க. இரைச்சலை நீக்குறேன்னு மூலத்துல கை வைக்காதீங்க, நகல்ல வேணா விளையாடுங்க. எனக்கு இரைச்சல்னு தோணினது அப்பாவுக்கு மில் சங்கு.

35.5 மணி நேரம் சுருக்காம வச்சாலே 22, 23 ஜிபிதான். ஒரு 32 ஜிபி பென் டிரைவ்ல அடங்கிடும். என் நாலு டெராபைட் டிஸ்க்ல அது எந்த மூலையில இருக்குன்னே தெரியாது. அந்த 23 ஜிபிக்கு மட்டும் மூணு நகல்: ஊர் லேப்டாப்ல ஒண்ணு, சென்னையில ஒண்ணு, அக்கா வீட்ல ஒண்ணு. எழுநூறு படத்துக்கு நகலே கிடையாது. போனா போகட்டும்.

விஎச்எஸ்க்குத்தான் திண்டாட்டம். உலகத்துல கடைசியா விசிஆர் செஞ்சிட்டிருந்த ஜப்பான் கம்பெனி 2016 ஜூலையோட நிறுத்திடுச்சு. ஊர்ல கல்யாண வீடியோ எடுத்திட்டிருந்த ஒருத்தர்கிட்ட ஓடுற நிலையில ஒண்ணு இருக்கு, வாடகைக்குத் தர்றேன்னிருக்கார். ஒரு டேப் மட்டும் ஏத்தினேன், 1990ல நடந்த அப்பா அம்மா கல்யாணம். பெரியப்பா காசு அனுப்பி எடுக்க வச்ச வீடியோ. அதைச் சினிமா ஃபோல்டர்ல போட்டுத் தொலைச்சேன். ஜெல்லிஃபின் கர்ம சிரத்தையா தேடி ஏதோ ஒரு வெளிநாட்டுப் படத்து போஸ்டரை எங்க அம்மா கல்யாணத்துக்கு மாட்டிடுச்சு. அம்மா டிவியில பார்த்துட்டு, "இந்த வெள்ளைக்காரிக்கும் நமக்கும் என்னடா சம்பந்தம்?"னாங்க. வீட்டு வீடியோன்னு தனி நூலகம் உண்டாக்கினா இந்தத் தொல்லை வராது.

நண்பன் ஒருத்தன் கேட்டான்: இதுக்கு எதுக்கு சர்வர், மேகத்துல போட்டுட்டுப் போக வேண்டியதுதானே? போடலாம், ஒரு நகலா. ஆனா அடுத்தவன் வீட்டுப் பரண் எப்பவும் அடுத்தவன் வீட்டுப் பரண்தான். டிஸ்னி தானே எடுத்த வில்லோ சீரியலை 2022ல வெளியிட்டு 2023ல தன்னோட தளத்துல இருந்து தூக்கிட்டது. ஃபனிமேஷன் 2024 ஏப்ரல்ல மூடினப்போ, டிஸ்க் வாங்கினவங்களுக்கு அதோட கொடுத்த டிஜிட்டல் நகலும் சேர்ந்து போச்சு. கோடி கோடியா போட்டு எடுத்ததுக்கே இந்த கதின்னா, ஆச்சி கோழி விரட்டச் சொல்ற சத்தத்தை யார் காப்பாத்தி வைப்பா? இன்னொரு காரணமும் இருக்கு. மேகத்துல இருந்தா அப்பா கேட்க மாட்டார். டிவியில ரிமோட்டை நாலு தடவை அமுக்கினா வருதுன்னா கேட்பார். நான் இல்லாத நாள்லயும் கேட்கிறார்னு அம்மா சொல்றாங்க.

எதிர்க்கட்சி வாதம் ஒண்ணு மட்டும் எனக்கே சரின்னு படுது: எல்லாத்தையும் காப்பாத்தணுமா? பன்னிரண்டாவது கேசட். ஏ பக்கம் பெரியப்பா பேச ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம் இருக்கும். வீடு, பங்கு, கொடுத்த பணம்னு குரல் மாறுச்சு. அப்பா எழுந்து வந்து அவரே நிறுத்தினார். "இது வேண்டாம்." நான், "ஏத்தி மட்டும் வைக்கிறேன்ப்பா, யாரும் கேட்க வேண்டாம்"னேன். நம்ம புத்தி அப்படி, எதையும் அழிக்க மனசு வராது. அப்பா கேசட்டை வெளிய எடுத்து உறையில போட்டு, "அவன் கோபத்துல பேசினதுடா. அப்புறம் வாட்ச் வாங்கிட்டுத்தான் வந்தான்"னார். பெட்டியோட அடியில வச்சார். நான் எடுக்கலை. எதை வைக்கிறது, எதை விடுறதுன்னு சொல்ற உரிமையும் அந்த மெட்டாடேட்டாவோட சேர்ந்ததுதான்னு நினைக்கிறேன். ஆனா பாருங்க, அதைச் சொல்றதுக்கும் அவர் இருக்கிறப்போதான் கேட்க முடியும்.

இதுவரைக்கும் 14 கேசட் ஆச்சு. பன்னிரண்டைத் தனியா வச்சாச்சுன்னா பாக்கி 16. அடுத்து ஊருக்குப் போறது நாலு நாள், அதுல உருப்படியா மூணு சாயங்காலம் தேறும். ஆபீஸ்ல லீவு கேட்டா மேனேஜர், "போன மாசம்தானே போனே?"ங்கிறார். அவர் வருஷத்துக்கு 365 நாள், அவரைக் குத்தம் சொல்ல முடியாது.

டிஸ்கி: அந்த வாட்ச் என்னாச்சுன்னு கேட்கிறவங்களுக்கு: அப்பா இன்னும் கட்டியிருக்கார். அஞ்சு நிமிஷம் வேகமா ஓடுது, சரி பண்ணித் தரட்டுமான்னா வேண்டாங்கிறார்.